சிவப்புப் பென்சில் கோடுகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரம்

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்ச் மாத மதியம், என் தங்கையின் கணவர் சுருட்டிய வரைபடத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். நான் அப்போது திருச்சிப் பதிப்பில் துணை ஆசிரியர். சுற்றுப்பட்டு ஊர்களின் நிருபர்கள் அனுப்புவதைச் சரிபார்த்து, வெட்டி, தலைப்புப் போடுவது என் வேலை. அவர் கைலாசபுரம் குடியிருப்பில் இருந்தார். தொழிற்சாலையில் அளவுப் பரிசோதகர். கடைசல் முடிந்து வரும் உருப்படிகளை அளப்பார். வரைபடத்தில் சொன்ன எல்லைக்குள் இருந்தால் பச்சை அட்டை, இல்லாவிட்டால் சிவப்பு அட்டை. அன்று காலை ஷிப்ட் முடித்து, சட்டைப் பையில் கருவி துடைக்கும் துணியோடு அப்படியே வந்திருந்தார்.

மேஜை மேல் இருந்த பிரதிகளை ஒதுக்கிவிட்டுத் தாளை விரித்தார்.

“மச்சான், இது ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வரணும். படத்தோட.”

“என்ன மாப்ளே இது? யாருக்காவது இ.சி.ஜி. எடுத்தீங்களா?”

“ஸ்வாதி நட்சத்திரத்துக்கு.”

தாளில் ஓர் அலை ஏறி இறங்கி ஏறியது. அறுபதுக்கு மேற்பட்ட புள்ளிகள் அந்த அலையின் மேல், காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் போல, அநேகமாக விலகாமல் நின்றன. அலைக்கு மேலேயும் கீழேயும் சிவப்புப் பென்சிலால் இரண்டு மெல்லிய கோடுகள். அவ்வளவு பெரிய நட்சத்திரம் மணி அடித்ததுபோல் உள்ளுக்குள் அதிர்கிறது, சில நாட்களுக்கு ஒருமுறை அதன் மேற்பரப்பு நம் பக்கம் வந்து பின்வாங்குகிறது, அதை ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து அளந்துவிட்டோம் என்றார்.

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு எழுந்த முதல் எண்ணம், இதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பதுதான். அது அறிவியல் தெரிந்து வந்த எண்ணம் இல்லை. ஒரு பொதுக்கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று இரண்டு நிருபர்கள் எழுதினால் இரண்டு எண் வரும். ஒரே எண் வந்தால் இருவரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பொருள். இங்கே அறுபது புள்ளிகள் ஒரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தன.

“கண்டுபிடிச்சது யாரு?”

“எங்க சாரு. அளந்தது நானு.” அந்த ‘நானு’வை அவர் அழுத்திச் சொன்னார். அதையும் குறித்துக்கொண்டேன்.

‘எங்க சார்’ என்று அவர் சொன்னவர் திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். வீடு ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதியில். விடுமுறைகளில் மலை மேலிருக்கும் வான் ஆய்வுக்கூடம் ஒன்றில் அனுமதி வாங்கித் தங்கி, ஸ்வாதியின் ஒளியைப் பிரித்துக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து வந்திருந்தார். அந்தத் தகடுகளை அளக்க, மூடிப்போன பட்டறை ஒன்றிலிருந்து பழைய அளவை நுண்ணோக்கி கிடைத்தது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆளைத் தேடியபோது என் மாப்பிள்ளை கிடைத்தார். பழுது பார்க்கப் போனவர், அளக்கவும் உட்கார்ந்துவிட்டார். விரிவுரையாளருக்கு இரண்டு கண்ணிலும் தடித்த கண்ணாடி. அரை மணிக்கு மேல் நுண்ணோக்கியில் குனிந்தால் தலைவலி. ஆக, இரண்டு வருடமாக வார விடுப்பு நாட்களிலும் காலை ஷிப்ட் முடிந்த மதியங்களிலும் கைலாசபுரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறிப் போய் நட்சத்திரத்தை அளந்தவர் இவர்தான்.

நேரில் பார்க்காமல் போட மாட்டேன் என்றேன். “வாங்க, சார்கிட்ட சொல்லி வைக்கிறேன்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் போனோம். கதவைத் திறந்த விரிவுரையாளர் என்னைப் பார்த்து, பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். என்னை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

“பேப்பர்லேர்ந்தா? இப்ப எதுக்கு ஓய் பேப்பர்? நான் இன்னும் ஒண்ணும் எழுதவே இல்லையே.”

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “வந்தவாளை வாசல்ல நிக்க வெச்சே பேசணுமா? வாங்கோ, உள்ள வாங்கோ.”

கண்டுபிடித்தவர் விளம்பரத்துக்குத் தயங்குகிறார், உதவியாளர் துடிக்கிறார். வழக்கமாக இது தலைகீழாக இருக்கும். தயக்கம் அடக்கத்தால் வருவதும் உண்டு, பயத்தால் வருவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

அளக்கும் கருவி பின்கட்டு அறையில், சுவரோடு பதித்த கடப்பைக் கல்லின் மேல் இருந்தது. மாப்பிள்ளை ஒரு தகட்டை எடுத்து வைத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கறுத்த பட்டையில் வெளிறிய கோடுகள் நூற்றுக்கணக்கில் நின்றன. சில ஊசியால் கீறியது போல ஒடுங்கியவை. சில அகன்று, ஓரம் கலங்கியவை.

பின்னால் நின்று விரிவுரையாளர் விளக்கினார். ரயில் நெருங்கி விலகும்போது ஊதலின் சுருதி மாறுமே, பாடப்புத்தகத்தில் வரும் அந்த உதாரணத்தைச் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“காவேரிப் பாலத்துத் தூண்ல அடிக்கணக்கு எழுதியிருக்கே, பார்த்திருக்கேளா? தூண் அசையாது. தண்ணி ஏறும், இறங்கும். இதுல ஒல்லியா இருக்கிற கோடெல்லாம் தூண். அது நம்ம பூமியோட காத்துல விழற கோடு, நம்மளோடயே இருக்கு. அகலமா இருக்கிறது நட்சத்திரத்தோடது, அதுதான் தண்ணி. நட்சத்திரத்தோட மேல்பரப்பு நம்ம பக்கம் வந்தா அந்தக் கோடு நீலப் பக்கம் ஒரு துளி நகரும். விலகிப் போனா சிவப்புப் பக்கம். அவ்வளவுதான்.”

“ஒரு துளின்னா?”

“ஒரு மைக்ரான், ஒண்ணரை மைக்ரான்” என்றார் மாப்பிள்ளை. “மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. எங்களுக்கு அது தினப்படி சோறு மச்சான்.”

ஒரு கோட்டில் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியாது என்றும், ஒரு தகட்டில் நாற்பது கோடுகளை அளந்து சராசரி எடுப்பதாகவும், அதிலிருந்து பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தையும் தன்னையே சுற்றும் வேகத்தையும் கழிப்பதாகவும் விரிவுரையாளர் சொன்னார். மிச்சம் இருப்பது நட்சத்திரத்தின் ஆட்டம். கழிப்பது என்ற சொல் வந்ததும் நான் நிமிர்ந்தேன். கழிக்கிற இடத்தில் எதை வேண்டுமானாலும் கழிக்கலாம்.

“ஸ்வாதியை ஏன் எடுத்தீங்க சார்? உங்க ஜன்ம நட்சத்திரமா?”

அவர் முதல்முறையாகச் சிரித்தார். “எனக்குக் கேட்டை. அதுவும் பெரிய நட்சத்திரம்தான். ஆனா அது ஆடறது ஊருக்கே தெரியும். ஸ்வாதி ரொம்ப அடக்கம். சூரியன் ஆடறது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம். ஸ்வாதி மாதிரி ஊதிப்போன நட்சத்திரம் ஆடினா நாள்கணக்குல ஆடணும்னு கணக்கு சொல்றது. வெளிநாட்டுல ஒண்ணு ரெண்டு பேர் தேடிண்டிருக்கா. யார்கிட்டயும் இன்னும் நிச்சயமா ஒண்ணும் இல்லை.”

இதில் அவருக்கு என்ன இருக்கிறது என்பதை அவர் மனைவி சொன்னார். காபியை வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றார். “ஏழு வருஷமா முனைவர் பட்டத்துக்குப் பதிவு பண்ணிண்டு ஓடறது. இந்த டிசம்பரோட முடியறது. அதுக்குள்ள ஆய்வேடு உள்ள போகலைன்னா ரத்து. இன்னொரு தரம் நீட்டிக்க மாட்டா. கைடு ஒரே வார்த்தையா சொல்லிட்டார், அலை இருந்தா ஆய்வேடு, அலை இல்லைன்னா வரவேண்டாம்னு.”

அலை இருந்தே ஆக வேண்டிய ஒருவரின் வீட்டில் அலை கிடைத்திருக்கிறது. அளந்த நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“வெறும் எண்தான். உங்களுக்கு என்ன புரியும்?” என்றார் விரிவுரையாளர். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவி அலமாரியிலிருந்து இரண்டு கனத்த நோட்டுகளை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டார். “எடுத்துண்டு போய் நிதானமா பாருங்கோ.”

ஒரு வாரம் அந்த நோட்டுகளைப் பிழை திருத்துகிறவனைப் போலப் படித்தேன். முதலில் இட்டுக்கட்டிய எண்களா என்று பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்து எண்ணைப் புனைகிறவர்கள் அறியாமலே சைபரிலும் ஐந்திலும் போய் நிற்பார்கள். இதில் எல்லா இலக்கமும் கலந்து வந்தன. கையெழுத்து முழுக்க மாப்பிள்ளையுடையது. மை மாறிய இடங்களில் தேதியும் மாறியது. அடித்தல் இல்லை. ஒரு பக்கம்கூடக் கிழிக்கப்படவில்லை. மோசடி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. சில தகடுகளுக்கு ஒரே ஒரு அளவு. சிலவற்றுக்கு இரண்டு, மூன்று. பதினேழாம் தகட்டுக்கு ஐந்து. கடைசி அளவின் கீழ்தான் கோடு போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கைலாசபுரம் போனேன். அந்த வரைபடத்தின் இன்னொரு பிரதி அவர்கள் வீட்டுக் கூடத்தில், மாதா படத்துக்கும் நாள்காட்டிக்கும் இடையில் ஒட்டியிருந்தது.

தங்கை அலுத்துக்கொண்டாள். “பாருங்கண்ணே. சிலிண்டர் புக் பண்ணுங்கன்னா, பதினேழாம் நம்பர் பிளேட்டு சரியா வரலங்கிறாரு. இவரு சமையலறைக்குள்ள வந்து ஒரு வருஷமாச்சு.”

“சரி, அந்தப் பதினேழைத்தான் கேக்க வந்தேன். ஏன் மாப்ளே அஞ்சு தடவை?”

அவர் எழுந்து சுவரண்டை போனார். கேட்டதில் அவருக்குச் சந்தோஷம். “இங்க பாருங்க. மொதல் பன்னெண்டு பிளேட்டு அளந்ததுமே சாரு இந்த அலையப் போட்டுட்டாரு. அலை தெரிஞ்சப்புறம் நான் மேலயும் கீழயும் லிமிட்டு போட்டேன், சிவப்புல. அதுக்கப்புறம் வர்ற பிளேட்டு கோட்டுக்குள்ள விழுந்தா ஓ.கே. வெளிய விழுந்தா ரீவொர்க். மறுபடி செட் பண்ணி, மறுபடி அளப்பேன். உள்ள வந்துடும்.”

“வரலைன்னா?”

“மறுபடி. பதினேழு அஞ்சாவது தடவை வந்துச்சு. ஏமாத்து கிடையாது மச்சான். ஒவ்வொரு தடவையும் கண்ணு பார்த்ததைத்தான் எழுதினேன். சந்தேகம் வந்தா திரும்ப அளக்கணும், அதுதான எங்க தொழிலு?”

அப்போது அது எனக்குச் சரியாகப் பட்டது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்த இடத்தில் ஐந்து தடவை அளக்கிற மனிதரைவிட நம்பகமானவர் யார்? நான் தேடிப் போனது பொய், கிடைத்தது உழைப்பு. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஞாயிறு மலருக்கு முக்கால் பத்திச் செய்தி எழுதி அச்சுக்கோக்கக் கொடுத்தேன்.

அந்த வாரம்தான் நாங்கள் ஒரு திருத்தம் போட நேர்ந்தது. ஒரே நாளில் இரண்டு செய்திகள் வந்திருந்தன. மண்ணச்சநல்லூர் நிருபர், அரிசி ஆலை ஒன்றின் உமிக் குவியல் மூன்று நாட்களாக அணையாமல் புகைகிறது என்று எழுதியிருந்தார். மிகைப்படுத்துகிறார் என்று நினைத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும் ஆலைக்கும் போன் போட்டேன். உண்மைதான், உமி அப்படித்தான் உள்ளுக்குள் கனலுமாம். லால்குடியிலிருந்து ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது, தலைவர் பேசினார் என்று வந்திருந்தது. எல்லா ஆண்டும் வருவதுதான். படிக்காமலே தலைப்புப் போட்டேன். மறுநாள் தலைவரே போன் செய்தார். அவருக்குக் காய்ச்சல், கூட்டம் நடக்கவே இல்லை. நிருபர் அழைப்பிதழைப் பார்த்து எழுதியிருந்தார்.

திருத்தத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது பேனா நின்றுவிட்டது. நான் சந்தேகப்பட்டது எனக்குப் புதிதாக இருந்ததை. கேள்வி கேட்காமல் விட்டது நான் எதிர்பார்த்தபடி இருந்ததை. உமிக்கு இரண்டு போன், கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. பதினேழாம் தகட்டுக்கு ஐந்து அளவு, கோட்டுக்குள் விழுந்த பதினெட்டாம் தகட்டுக்கு ஒன்று.

அச்சுக்கோப்பவரிடம் போய் என் முக்கால் பத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அந்த வார இறுதியில் ஸ்ரீரங்கத்தில் நான்கு பேரும் இருந்தோம். மாப்பிள்ளை நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“மாப்ளே, கோட்டுக்குள்ள விழுந்த தகட்டை எத்தனை தடவை அளந்தீங்க?”

“ஒரு தடவை. அதான் ஓ.கே. ஆயிடுச்சே.”

“அதையும் அஞ்சு தடவை அளந்திருந்தா அஞ்சு தடவையும் உள்ளயே நின்னிருக்குமா?”

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டிக்கொள்ளவில்லை.

“என் கண்ணை சந்தேகப்படுறீங்களா மச்சான்? பதினோரு வருஷமா அளக்கிறேன். நான் பச்சை அட்டை கட்டின ஜாப் ஒண்ணு திரும்பி வந்ததில்லை.”

“உங்க கண்ணை இல்லை மாப்ளே.”

“பின்ன?”

விரிவுரையாளர்தான் பேசினார். குரல் சின்னதாக இருந்தது. “ஜாபுக்கு டிராயிங் இருக்கு ஓய். அது எப்படி இருக்கணும்னு முன்னாடியே ஒருத்தன் வரைஞ்சு கொடுத்திருக்கான். நட்சத்திரத்துக்கு டிராயிங் யார் போட்டா? பன்னெண்டு தகட்டை வெச்சுண்டு நானும் நீரும்தானே போட்டோம்? அது தற்செயலா அப்படி விழுந்திருந்தா? அப்புறம் மிச்சம் அம்பதையும் அதுக்குள்ள கொண்டுவந்து நிறுத்திட்டோம்.”

“அப்ப ரெண்டு வருஷம்…”

மாப்பிள்ளை தகட்டுப் பெட்டியை மூடினார். என்ன செய்யலாம் என்பதை நான்தான் சொன்னேன். எல்லாத் தகடுகளையும் மறுபடி அளப்பது. எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையில், மூன்று மூன்று தடவை. எது எந்தத் தகடு என்று அளக்கிறவருக்குத் தெரியக் கூடாது.

“நான் லேபிள் மேல காக்கிக் காகிதம் ஒட்டித் தரேன்” என்றார் விரிவுரையாளரின் மனைவி. “கலைச்சுப் போட்டு நானா ஒரு நம்பர் எழுதறேன். எந்த நம்பர் எதுன்னு பட்டியல் என்கிட்ட இருக்கட்டும். அளந்து முடிக்கிற வரைக்கும் இவர் கேட்டாலும் தரமாட்டேன்.”

கணவரைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னார்.

மாப்பிள்ளை அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். என்னோடு பேசுவதை நிறுத்தினார். தங்கை மட்டும் போனில் பேசினாள். “ஊரு செய்தியெல்லாம் தீந்துபோச்சாண்ணே, வீட்டுச் செய்தியத் தோண்டறீங்க? சாப்பாடு எறங்கல அவருக்கு. ஷிப்ட்ல கூட எல்லாத்தையும் மூணு மூணு தடவை அளக்கிறாராம், சூப்பர்வைசர் சிரிக்கிறாராம்.”

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அது நடந்தது. மாதத்துக்கு இரண்டு தடவை நானும் போனேன். நலம் விசாரிப்பதற்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் காக்கிக் காகிதங்களின் ஓரம் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். ஒன்றில் ஒரு மூலை தூக்கியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். பசை காய்ந்த சுருக்கம். நிமிர்ந்தபோது மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகட்டுப் பெட்டியைத் தூக்கி அறையின் மறுபக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

செப்டம்பர் கடைசியில் விரிவுரையாளரின் மனைவி பட்டியலைக் கொடுத்தார். விரிவுரையாளர் எங்கள் முன்னாலேயே புள்ளி வைத்தார். இருபது புள்ளி வரும்வரை மாப்பிள்ளை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பிறகு போய் ஜன்னலண்டை நின்றுகொண்டார். தாள் நிறைந்தபோது அதில் அலை இல்லை. புள்ளிகள் மேலும் கீழும் சிதறிக் கிடந்தன. முதல் தடவையே பச்சை அட்டை வாங்கிய தகடுகளும் மற்றவற்றைப் போலவே சிதறியிருந்தன. நட்சத்திரம் ஆடவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஆடினாலும் இந்த அளவுக்கு மேல் ஆடவில்லை, அதற்குள் ஆடினால் நம் கருவிக்குத் தெரியாது. அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றார் விரிவுரையாளர்.

“அதை வெச்சு ஆய்வேடு எழுதலாமா?”

“எழுதலாம். கையெழுத்துப் போடறவர் போடணும்.”

கைடு போட மறுத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுத ஏழு வருடமா என்று கேட்டாராம். டிசம்பருக்கு இரண்டு மாதம் இருந்தது. பழைய வரைபடமும் பழைய நோட்டுகளும் அலமாரியில் பத்திரமாக இருந்தன. அலையையே கேட்கும் கைடை விட்டால், உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். அதில் ஒருவர் மனைவி, ஒருவர் அவமானப்பட்டவர், ஒருவன் எதையும் எழுதாமல் இருந்துவிடக்கூடிய பத்திரிகைக்காரன். அக்டோபரில் விரிவுரையாளரைப் போய்ப் பார்த்தபோது, கைடிடம் மறுபடி பேசியதாகவும் அவர் சம்மதித்துவிட்டதாகவும் சொன்னார். எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டேன். “பேசினேன்” என்றார்.

அந்த ‘பேசினேன்’ என்னை விடவில்லை. நான் குடியிருந்தது தென்னூரில். எங்கள் தெருமுனையில் தட்டச்சு நிலையம் ஒன்று. ஆய்வேடுகள் அங்கேதான் தட்டச்சுக்கு வரும். இவருடையதும் வந்திருக்கிறது என்று தெரிந்ததும், நவம்பர் மாதம் ஒரு காலையில் உள்ளே போய், தெரிந்தவருடையது, பிழை பார்க்கச் சொன்னார் என்று பொய் சொன்னேன். உரிமையாளர் தாள் கட்டை எடுத்து நீட்டினார்.

நேராக வரைபடங்கள் இருந்த இடத்துக்குப் போனேன். அலை இருந்தது. அதே அலை. சிவப்புக் கோடுகளைக்கூட விடாமல் மையால் வரைந்திருந்தார். எனக்கு வந்தது கோபம் இல்லை. நாம் நினைத்தது சரிதான் என்ற ஒரு திருப்தி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

பக்கத்தைத் திருப்பினேன். மறுபக்கத்தில், அதே அளவுத் தாளில், சிதறிய புள்ளிகள். இரண்டுக்கும் நடுவே ஒரு பத்தி: முதல் படத்தில் தெரியும் அலை நட்சத்திரத்தினுடையது அல்ல, எதிர்பார்ப்புக்கு வெளியே விழுந்த தகடுகளை மட்டும் மறுபடி அளந்ததால் உண்டானது, இரண்டாம் படம் எல்லாத் தகடுகளையும் அடையாளம் மறைத்து அளந்தது. ஆய்வேட்டின் நடு அத்தியாயமே அதுதான். ஒரு நட்சத்திரம் ஆடுவதைக் கண்டுபிடிப்பதற்குப் பதில், இல்லாத ஓர் அலை தாளில் எப்படி எழும் என்பதைக் காட்டியிருந்தார். கைடிடம் இதைத்தான் பேசியிருக்க வேண்டும். நன்றி சொல்லும் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெயர் முதலில் இருந்தது. இந்தத் தவறை எழுத அவர் ஒப்புக்கொண்டதற்கு என்று தனியாக ஒரு வரி.

ஆய்வேடு டிசம்பரில் உள்ளே போனது. வாய்மொழித் தேர்வு அடுத்த கோடையில், கல்லூரியில். பொதுமக்களும் வரலாம் என்பதால் மாப்பிள்ளை வந்து கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு நாற்காலி தள்ளி. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வெகுநேரம் இரண்டு வரைபடங்களையும் பார்த்துவிட்டு, அளந்தது யார் என்று கேட்டார். விரிவுரையாளர் கடைசி வரிசையைக் காட்டினார்.

“நீங்களா? முதல் தடவையே ஏன் லேபிளை மறைச்சுட்டு அளக்கலை?”

மாப்பிள்ளை எழுந்து நின்றார். “ஜாப் நம்பரை மறைச்சுட்டு எங்க ஷாப்ல யாரும் அளக்க மாட்டாங்க சார். அளந்தா மெமோ கொடுப்பாங்க.”

மண்டபம் சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். “ரெண்டாவது தடவை அளக்கும்போது எப்படி இருந்துச்சு?”

“கஷ்டமா இருந்துச்சு சார். எது சரின்னு தெரியாம அளக்கிறது.”

தேர்வாளர் அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்துப் பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாக அறிவித்தார்.

தேர்வுக்கு வந்திருந்த விரிவுரையாளரின் மனைவியும் சேர்ந்து நான்கு பேரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றோம். மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளி வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தார். விரிவுரையாளர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “முதல் வரைபடம் வந்தன்னிக்கே நான் அந்த நோட்டைப் பிரிச்சிருக்கணும். பிரிக்கலை. உள்ளுக்குள்ள ஏதோ இடிச்சுண்டே இருந்தது. யாராவது வெளியாள் கேக்கட்டும்னுதான் உங்களை ஆத்துக்கு வரவிட்டேன்னு இப்பத் தோணறது.”

கேட்க நன்றாக இருந்தது. ஒரே ஆள் சொன்னதை வைத்து ஒன்றை உறுதி செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. பஸ் வந்து, உட்கார இடம் கிடைத்து, அவரும் மாப்பிள்ளையும் முன்னால் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த அவர் மனைவியிடம் கேட்டேன். அன்றைக்கு நான் வரப்போகிறேன் என்று சாருக்கு முன்கூட்டியே தெரியுமா?

“நன்னாத் தெரியும்” என்றார். “உங்க மாப்பிள்ளை முந்தின நாள் வந்து சொல்லிட்டுப் போனார். வரவேண்டாம்னு அவர்கிட்ட சொல்லிடுன்னு இவர் என்கிட்ட சொன்னார். நான்தான் சொல்லலை.”

பஸ் பாலத்தில் ஏறியது. முன்னால் மாப்பிள்ளை கடலைப் பொட்டலத்தை விரிவுரையாளரிடம் நீட்டினார். பிறகு திரும்பி, ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, என் பக்கமும் நீட்டினார்.